தம்பிக்கு ஒரு பாதி

வாயாடியின் உள்ளங்கைக்குள் தினமும் ஒரு பாதி பிஸ்கட் வரும். குழந்தைகள் காப்பகத்தில் சாயங்காலம் கொடுக்கிற பிஸ்கட்டில் ஒரு பாதியை அங்கேயே கடித்துத் தின்றுவிடுவாள். மறு பாதியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, ஆயாவின் விரலைப் பற்றியபடி அடுத்த தெருவிலிருக்கும் லாண்டரிக்கு வருவாள். வந்து சேர்வதற்குள் அந்தப் பாதியையும் நாலைந்து தடவை நக்கிப் பார்த்திருப்பாள். மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளையிடம் அதற்குமேல் தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

"அம்மா, வாயைத் திற. தம்பிக்கு!"

அம்மாக்காரி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாயைத் திறப்பாள். எச்சிலில் ஊறி, வேர்வையில் பிசுபிசுத்து, பிஸ்கட் என்று சத்தியம் செய்தால்தான் நம்பக்கூடிய நிலையில் இருக்கும் அது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். பிறகு குனிந்து வயிற்றைக் காட்டுவாள்.

"காதை வச்சுக் கேளு. மெல்றானா?"

வாயாடி காதை அழுத்தி வைத்துக் கேட்பாள். "நல்லா இருக்காம். நாளைக்கு க்ரீம் பிஸ்கட் வேணுமாம்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பாள். துணி வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். லாண்டரி முதலாளியம்மா, "பெத்தவளுக்கே ஊட்டி விடற பொண்ணை இங்கதான் பாக்கறேன்" என்று சொல்லி கன்னத்தைக் கிள்ளுவாள்.

அந்த விளையாட்டைக் கண்டுபிடித்ததே அம்மாதான். வயிற்றில் பாப்பா இருக்கிறது என்று முதலில் சொன்னபோது வாயாடி தரையில் விழுந்து புரண்டு, "வேணாம், திருப்பிக் குடுத்துடு" என்று அழுதாள். சமாதானம் எதுவும் எடுபடவில்லை. கடைசியில்தான், "பாவம், அவனுக்கு உள்ள பசிக்கும். நீ குடுத்தாதானே சாப்பிடுவான்? அம்மா வாயில போட்டா நேரா அவனுக்குப் போயிடும்" என்று ஒரு வழி செய்தாள். பிறக்கப்போவது தம்பியா தங்கையா என்று யாருக்கும் தெரியாது. தம்பி என்று வாயாடிதான் முடிவு கட்டினாள். அன்றையிலிருந்து தம்பிக்குச் சாப்பாடு போடும் வேலை அவளுடையதாகிவிட்டது. பொறுப்பு என்று வந்துவிட்டால் சின்னப் பிள்ளைகளைப் போலக் கண்ணும் கருத்துமாக யாரும் செய்வதில்லை. ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

இடையில் அம்மாவுக்குச் சில நாள் காய்ச்சல் வந்தது. தொண்டை வலித்தது, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. நாள் முழுக்க ஆவியிலும் சூட்டிலும் நின்று வேலை செய்கிற உடம்பு, அதற்கு வராமல் யாருக்கு வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாள், எழுந்தாள், சட்டைகளைத் தேய்க்கப் போனாள். அதை அவளே மறந்துவிட்டாள்.

அவள் புருஷனைத் தெருவில் சவுண்டுக்காரன் என்பார்கள். மண்டபம், பள்ளி விழா, பொதுக்கூட்டம் என்று நாலு பேர் கூடுகிற இடத்துக்கெல்லாம் ஒலிபெருக்கிப் பெட்டிகளை வாடகைக்குக் கொடுப்பான். வீட்டின் முன்னறையில் ஆளுயரத்துக்குக் கறுப்புப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். மனிதர்கள் அவற்றுக்கு நடுவே பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். ஊமையாகிப்போன பெட்டியைத் தரையில் சாய்த்து, மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் பின்பலகையைக் கழற்றி, உள்ளே நோண்டி ஊதிவிட்டு, "தூசி அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டேன், இப்பப் பாரு எப்படிப் பேசுதுன்னு" என்பான். அது தொண்டை கனைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கும். பக்கத்தில் குந்தியிருக்கும் வாயாடி கைதட்டுவாள். அப்பாவைவிடக் கெட்டிக்காரர் உலகத்தில் யாருமில்லை என்பது அவள் எண்ணம்.

தம்பி தம்பியாகவே பிறந்தான். எடை கொஞ்சம் குறைவு, தலையும் கொஞ்சம் சின்னது. "பால் குடிச்சா தேறிடுவான்" என்றார்கள். மருத்துவமனையிலிருந்து அனுப்புவதற்கு முன்னால் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் காது சோதிப்பார்கள். அன்றைக்குப் பார்த்து அந்தக் கருவி பழுது. அடுத்த வாரம் மறக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள்.

அந்த அடுத்த வாரத்தில்தான் சவுண்டுக்காரனுக்குப் பெருமை பிடித்தது. ஒரு பெரிய பெட்டியைச் சரிசெய்து ஓட விட்டபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மாடி வீட்டுக்காரர் மேலேயிருந்து கத்தினார், அலமாரியில் டம்ளர்கள் ஆடின. பாயில் கிடந்த பையன் அசையவில்லை. சுகமாகத் தூங்கினான்.

"பாத்தியா! சவுண்டுக்காரன் புள்ளைடா இவன். வயித்துக்குள்ளயே பழகிட்டு வந்திருக்கான்!"

வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைச் சொன்னான். சொன்னதோடு நிற்காமல், பெட்டியைப் போட்டுக் காட்டினான். கூட்டாளிகள் பிள்ளையின் தலைமாட்டில் நின்று காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிள்ளை தூங்கினான்.

"அந்தக் காது டெஸ்ட்டுக்குப் போகணுமேங்க" என்றாள் அவள்.

"தூங்கற புள்ளைய எழுப்பித் தூக்கிட்டுப் போயி, காது இருக்கான்னு பாக்கணுமா? ரெண்டு இருக்கு. எண்ணிட்டேன்."

அவளும் சிரித்தாள். பச்சை உடம்போடு பஸ் ஏறி, வரிசையில் உட்கார்ந்து, திரும்பி வருவதை நினைத்தால் மலைப்பாகவும் இருந்தது. அப்படியே விட்டுவிட்டார்கள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ விஷயம் இப்படித்தான் ஒரு சிரிப்போடு விட்டுப்போகிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை.

முதலில் கண்டுபிடித்தவள் வாயாடிதான். "அம்மா, தம்பிக்கு என் மேல கோவமா? கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறான்."

"நீ ஓயாம தொணதொணன்னா யாருதான் திரும்புவா? கொஞ்சம் வாயை மூடு, தானா திரும்புவான்."

பையனைத் தூக்கிக்கொண்டு அவள் மறுபடி லாண்டரிக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். வெளுத்த துணிகள் வைக்கும் கூடையொன்றில் போர்வையை விரித்து, தன் முதுகுக்குப் பின்னால் அவனைக் கிடத்தியிருப்பாள். ஒரு மத்தியானம் ஒயர் காலில் சிக்கி இஸ்திரிப் பெட்டி மேசையிலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. முதலாளியம்மா "ஐயோ!" என்று எழுந்துவிட்டாள். வாசலில் நின்ற ஆள் துள்ளி நகர்ந்தான். அவள் பதறிப்போய்ப் பிள்ளையைத்தான் பார்த்தாள். அவன் கம்பியில் தொங்கும் சட்டைக் கைகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அவள் அவன் தலைக்குப் பின்னால் போய் நின்று கைதட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள். பிறகு, தொண்டை கிழியக் கத்தினாள். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் மட்டும் சட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சவுண்டுக்காரன் நம்பவில்லை. சாயங்காலம் பையனை நடு அறையில் உட்கார வைத்து, முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் பெட்டியை நகர்த்தி வைத்தான். சின்னதாக ஆரம்பித்தான். பிறகு கூட்டினான். "இந்தா, இப்பப் பாரு, இப்பத் திரும்புவான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலும் மேலும் கூட்டினான். மாடி வீட்டுக்காரர் தரையில் கட்டையால் இடித்தார். வாயாடி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூலையில் அழுதாள். அம்மாவும் அழுதுகொண்டே, "போதுங்க, போதுங்க" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பெட்டியின் நெற்றியில் சிவப்பு விளக்கொன்று சத்தத்துக்கு ஏற்ப எரிந்து எரிந்து அணைந்தது. பையன் அதைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தான். அவன் அப்பா ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் நடுத்தர வயதுக்காரி, அவசரப்படாதவள். பிறந்த அன்று குதிகாலில் குத்தி அட்டையில் உலர வைத்திருந்த ரத்தச் சொட்டை எடுத்துச் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்தாள். சில வாரம் கழித்து இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். ஒரு வைரஸின் நீளமான பெயரைச் சொன்னாள். அது இரண்டு பேர் மனசிலும் நிற்கவில்லை.

"பிறக்கும்போதே இவன் ரத்தத்துல அது இருந்திருக்கு. வயித்துல இருக்கறப்பவே போயிருக்கு."

"வயித்துல இருக்கறப்பவேவா?" என்றாள் அவள். "அம்மாகிட்ட இருந்து புள்ளைக்குப் போகுமா?"

"சில வைரஸ் போகும்மா. உங்க ரத்தத்துல கலந்து, நஞ்சுக்கொடி வழியா உள்ள போகும். உங்களுக்குச் சாதாரணக் காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போயிருக்கும், இல்லன்னா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. ரொம்பப் பேருக்கு இது வருது. நிறையக் குழந்தைங்க ஒரு குறையும் இல்லாம பிறந்துடறாங்க. சில பேருக்குத்தான் காதுல, மூளையில கை வைக்குது."

"எனக்கு எங்கேருந்து வந்திருக்கும்?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். "இன்னார்கிட்ட இருந்துன்னு சொல்லவே முடியாது. பொதுவா சின்னப் பிள்ளைங்க எச்சில், மூத்திரம் வழியாப் பரவும். காப்பகத்துக்குப் போற பிள்ளைங்க ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் வாங்கிக்கும். அதுங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, நல்லா ஓடி விளையாடும். மாசக்கணக்கா எச்சில்ல மட்டும் இருந்துட்டே இருக்கும். வீட்ல மூத்த குழந்தை இருக்கா?"

அறைக்கு வெளியே பெஞ்சில் முதலாளியம்மாவோடு உட்கார்ந்திருந்த வாயாடி, யாரோ ஒரு நோயாளியிடம் தன் தம்பிக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்று கணீரென்று சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

"அம்மா வாயில போட்டா நேரா அவனுக்குப் போயிடும்." தன் வாயால் தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. பொய் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் அன்றைக்குச் சொன்னாள்.

"பிறந்த முதல் வாரங்கள்லயே கண்டுபிடிச்சிருந்தா ஒரு மருந்து கொடுத்துப் பாத்திருக்கலாம்" என்றாள் டாக்டர். "முழுசா சரியாகும்னு இல்ல. ஓரளவு காப்பாத்தியிருக்கலாம். இப்போ அந்தக் கட்டம் தாண்டிடுச்சு. அப்போ ஏன் காது டெஸ்ட்டுக்கு வரல?"

சவுண்டுக்காரன் தரையைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போனதை அவள் பார்த்தாள். சொல்ல நினைத்தால் அவள் அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காட்டிக்கொடுப்பதில் யாருக்கு என்ன லாபம்?

ஆனால் மனுஷனால் அப்படி ஒரு பாரத்தை வெறும் கையோடு சுமக்க முடியாது. எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு அவன் காது டெஸ்ட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. பிஸ்கட்டைப் பற்றித்தான் பேசினான். "அந்தக் கண்றாவியை எல்லாம் வாயில வாங்குவியா?" என்று கேட்டான். அந்த விளையாட்டைப் பார்த்து எத்தனையோ நாள் சிரித்தவன்தான் அவன். அவன் அக்காளுக்குப் போன் போட்டு, "எல்லாம் பெரியவ எச்சி பிஸ்கட்டால வந்தது அக்கா. அது வழியாத்தான் இவன் காது போச்சு" என்றான். பெட்டிகளுக்கு இடையில், தன் பொம்மைகளோடு வாயாடி உட்கார்ந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. பேசாமல் இருக்கிற வாயாடியைக் கவனித்து யாருக்கும் பழக்கமில்லை.

அம்மாக்காரியும் லேசுப்பட்டவள் இல்லை. மகள் முத்தம் கொடுக்க வந்தால் முகம் தானாகத் திரும்பியது. மகளுக்கு என்று ஒரு டம்ளர், ஒரு தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். தம்பியைத் தொட்டால் ஓடி வந்து கையைக் கழுவி விட்டாள். நடந்தது நடந்துவிட்டது, இனி அந்த எச்சிலால் அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னது நன்றாக நினைவிருந்தது. மகள்மேல் ஒரு பாவமும் இல்லை என்பதும் தெரியும். தெரிந்து என்ன? ராத்திரி கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிற பிள்ளையின் வாய் ஓரத்தில் ஈரத்தைப் பார்க்கும்போது உடம்பு கூசியது. தன் பிள்ளையைப் பார்த்துத் தனக்கே கூசுகிறதே என்று அழுதாள். அழுதுவிட்டு, அந்தச் சின்னக் கைகளை மெல்லக் கழற்றித் தள்ளிப் படுக்க வைத்தாள்.

காப்பகத்து ஆயா ஒருநாள் கேட்டாள்: "உடம்புக்கு ஏதாச்சும் சரியில்லையா பாப்பாவுக்கு? நாள் பூரா வாயைத் திறக்க மாட்டேங்குது. பிஸ்கட் குடுத்தா வாங்கி அப்படியே பையில போட்டுக்குது."

"சளி பிடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் தேய்க்கப் போனாள். சட்டைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன.

லாண்டரிக்கு விடுமுறை நாள். சவுண்டுக்காரன் ஏதோ விழாவுக்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தான். முன்னறை காலியாகி, வழக்கத்துக்கு மாறாக வெளிச்சமாக இருந்தது. பையனைப் பாயில் தூங்க வைத்துவிட்டு அவள் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் சத்தமே இல்லை. தம்பி தூங்கினால் சத்தம் போடக்கூடாது என்ற கவலை அந்த வீட்டில் இப்போது யாருக்கும் கிடையாது. ஆனாலும் சத்தமே இல்லை. ஏதோ உறுத்தி உள்ளே வந்தாள்.

வாயாடி தம்பியின் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தாள். ஒரு கையால் அவன் காது மடலைப் பிடித்து விரித்திருந்தாள். மறு கையில் அப்பாவின் மெல்லிய ஸ்க்ரூ டிரைவர். அதன் முனை காதுக்குள் இருந்தது. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அப்பா வேலை செய்யும்போது செய்கிற மாதிரியே, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தினால் திடுக்கிட்டுக் குத்திவிடுவாள் என்று எப்படியோ தோன்றியது. அவள் ஓசைப்படாமல் ஓடிப்போய் அந்த மணிக்கட்டைப் பிடித்து, ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கி மூலையில் வீசினாள். பையனின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் கை மகளின் கன்னத்தில் இறங்கியது. ஒரு அடி. முழு பலத்தோடு விழுந்த அடி.

வாயாடி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"என்னடி பண்ணிட்டிருந்த? சொல்லு! என்ன பண்ணிட்டிருந்த?"

வாயாடி வாயைக் கையால் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பேசினாள். "பிஸ்கட்டை எடுக்கறேன்மா."

"என்ன பிஸ்கட்டு?"

"நான் குடுத்தது. அது தம்பி காதுல போயி அடைச்சுக்கிச்சு. அப்பா போன்ல சொன்னாரே. எடுத்துட்டா கேக்கும். நான் மெதுவாத்தாம்மா எடுத்தேன்."

அவள் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் ஏன் இன்னும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அம்மாவுக்குத் தன் வாயைக் கண்டால் பிடிக்கவில்லை என்று நாலு வயதுகூட ஆகாத பிள்ளை கண்டுகொண்டிருக்கிறது. காப்பகத்துப் பையை இழுத்துப் பார்த்தாள். அடியில் பிஸ்கட்டுகள் உடைந்தும் உடையாமலும் கிடந்தன. ஒன்றைக்கூட மகள் கடித்திருக்கவில்லை.

இதை இந்தப் பிள்ளை எத்தனை வருஷம் சுமக்கும் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். வளரும்; விவரம் தெரியும்; பிஸ்கட் காதை அடைக்காது என்று ஒருநாள் புரியும். வைரஸ் என்றால் என்னவென்று அதற்கு அடுத்த நாள் புரியும். தம்பி வாய் பேசாமல் கையை ஆட்டி எதையோ கேட்கும்போதெல்லாம் இவள் தன் வாயைப் பொத்திக்கொள்வாள். அதை இப்போதே அறுக்க வேண்டும். உண்மையைச் சொல்லி அறுக்க முடியாது. உண்மை பிஸ்கட்டின் பக்கம்தான் இருந்தது, அல்லது அதற்கு ரொம்பப் பக்கத்தில்.

"இங்க பாரு" என்றாள். "நீ குடுத்தது ஒண்ணுகூட தம்பிக்குப் போகல."

"நீ வாயில வாங்குனியே."

"வாங்கினேன். நானே தின்னுட்டேன். எல்லாத்தையும். அவனுக்குத் தரவே இல்ல."

வாயாடியின் கை வாயிலிருந்து மெல்ல இறங்கியது. "மெல்றான்னு சொன்னியே."

"பொய்."

"நல்லா இருக்குன்னு... அவன் சொன்னது?"

"அவன் ஒண்ணும் சொல்லல. அம்மாவுக்குப் பசி. அதான் உன்னை ஏமாத்தி வாங்கித் தின்னேன். உன் பிஸ்கட்டால தம்பிக்கு ஒண்ணும் ஆகல. உன்னால ஒண்ணுமே ஆகல. எல்லாம் அம்மாவால."

வாயாடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடி விழுந்த கன்னத்தில் விரல் தடங்கள் தடித்திருந்தன. பிறகு திரும்பித் தம்பியைப் பார்த்தாள். தூங்குகிற அந்தச் சின்னத் தலையை, மெலிந்த கால்களைப் பார்த்தாள். வாயாடியின் மண்டைக்குள் என்னவோ ஒன்றுகூடி வருவது முகத்தில் தெரிந்தது.

"அப்போ தம்பி பசியோடயே இருந்தானா?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை.

"அதான் சின்னதாப் பொறந்தானா? அதான் காது வரலயா?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்; அது போய்ப் போய் எங்கே முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆமா" என்றாள்.

அப்போதுதான் வாயாடி அழுதாள். அப்படி ஒரு அழுகையை அந்த வீடு பார்த்ததில்லை. இரண்டு கையாலும் அம்மாவின் தோளிலும் மார்பிலும் மூஞ்சியிலும் குத்தினாள். அவள் தடுக்கவில்லை. குத்தட்டும் என்று கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை ஓய்ந்த பிறகு அள்ளி அணைத்து, கண்ணீரும் சளியும் எச்சிலுமாக இருந்த அந்த வாயில் முத்தம் வைக்கப் போனாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்குக் கூசவில்லை. வாயாடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உதறிக்கொண்டு போய்ப் பையிலிருந்து முழுசாக இருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்தாள். தம்பியை மறைத்த மாதிரி, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பாதியைக் கடித்துத் தின்றாள். மறு பாதியைத் தம்பியின் மூடிய கைக்குள் திணித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"தம்பி, இது உனக்கு. அம்மாகிட்டக் குடுக்காத. அம்மா புடுங்கித் தின்னுடும்" என்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா எவ்வளவு கெட்டவள் என்று சொன்னாள், க்ரீம் பிஸ்கட் எங்கே கிடைக்கும் என்று சொன்னாள், காப்பகத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்று சொன்னாள். விட்டுப்போன அத்தனை நாள் பேச்சும் ஒன்று விடாமல் வந்தது. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். பின்பக்கம் பாதி உலர்த்திய துணிகள் வாளியில் கிடந்தன. அவள் எழுந்து போகாமல், கேட்டுக்கொண்டே இருந்தாள்.